இருநூற்றுப் பதிமூன்றாவது பால்கனி

வெயில் இன்னும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைவிட்டு இறங்கவில்லை. அது மெதுவாக இறங்கி, சுண்ணாம்பு உதிர்ந்த முகப்பைக் கடந்து, பால்கனியின் மேல் கம்பியைத் தொடுவதற்குப் பத்தே முக்கால் ஆகும். அதற்குப் பிறகு ஓர் இருபத்தைந்து நிமிஷம். அந்த நேரத்தில்தான் இரும்பின் வளைவுகள் தனித்தனியாகத் தெரியும். அதற்கு முன்னால் எல்லாம் ஒரே கறுப்பு, பின்னால் ஒரே நிழல். மண்ணடியிலும் பவழக்காரத் தெருவிலும் சுற்றியுள்ள சந்துகளிலும் எந்த வீட்டுப் பால்கனிக்கு எத்தனை மணிக்கு வெயில் வரும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டு மனிதர்களைப் பற்றிக் கேட்டால்தான் முழிப்பேன். மூன்றாவது நாளாக, பூட்டிக்கிடக்கும் இந்தக் கயிற்றுக் கடையின் படியில் கால் கடுக்க நிற்கிறேன். முக்காலி மேல் கேமரா, கழுத்தில் அடையாள அட்டை. பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவதற்கென்று இருக்கிற ஒரு சங்கம் கொடுத்த அட்டை அது. இதுவரை அவர்கள் எதையும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை, ஆனால் அட்டை நன்றாக இருக்கிறது, போலீஸ்காரர்கூட "சார்" என்கிறார். இடிப்பதற்கு முன்னால் இரும்புப் பால்கனிகளையெல்லாம் படமெடுத்துப் பட்டியல் போட வேண்டும்; அதுதான் வேலை. இருநூற்றுப் பன்னிரண்டு முடித்தாகிவிட்டது. இது இருநூற்றுப் பதிமூன்றாவது. செவ்வாய்க்கிழமையே முடித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், படிவம்கூட எழுதியாகிவிட்டது. பின்னே எதற்கு மூன்று நாளாக இங்கே நிற்கிறாய் என்று சங்கத்துக்காரர்கள் கேட்டால் வெயில் சரியில்லை என்பேன். சித்திரை மாசத்தில் சென்னையில் வெயில் சரியில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். காலையில் நான் வரும்போதே எதிரே பால்கனி வீட்டு வாசலில் ஒரு சின்ன யானை லோடு வண்டி நின்றது. பின்பலகையைத் திறந்து போட்டு, ஒரு கட்டில் சட்டம், நீல டிரம், போர்வையில் சுற்றிய மிக்ஸி என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த மாதத்தோடு மாடி காலி என்று கீழ்வீட்டு அம்மாள் சொல்லியிருந்தாள். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதே என்று நானாகக் கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்தேன். இன்றைக்கு விட்டால் போச்சு.

அந்தப் பால்கனியின் மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பது என் தங்கை வேதாவாக இருக்கலாம். வேதநாயகி. இல்லாமலும் இருக்கலாம். வீட்டைவிட்டுப் போய்ப் பதினாறு வருஷம் ஆயிற்று, அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. செவ்வாய்க்கிழமை நான் அவளை உள்ளே போகச் சொன்னேன். தெரிந்து சொல்லவில்லை. படத்தில் மனிதர்கள் இருக்கக் கூடாது, துணி காயக் கூடாது, செடித்தொட்டி தெரியக் கூடாது, இரும்பு மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. விதியே இல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் எடுப்பேன். யாராவது நின்றால் கீழே இருந்து வலது கையைத் தூக்கி இரண்டு விரலை உள்பக்கமாக அசைப்பேன். அவ்வளவுதான், போய்விடுவார்கள். சிலர் எந்தப் பேப்பரில் வரும் என்று கேட்டுவிட்டுப் போவார்கள், சிலர் திட்டிவிட்டுப் போவார்கள். ஒருவரையும் நான் முகம் பார்த்ததில்லை. அன்றைக்கும் ஒரு பெண்பிள்ளை துணி எடுத்துக்கொண்டு நிற்பது கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. கீழ்வரிசையில் ஒரு வளைவு போய்விட்டிருந்தது, அதற்குப் பதிலாக எவனோ தட்டையாக ஒரு கம்பியை வைத்துப் பற்றவைத்திருந்தான். அந்தக் கம்பியைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரும்பைக் காய்ச்சி அடித்து, வளைத்து, இரண்டு வளைவு சேரும் இடத்தில் சின்னப் பட்டை சுற்றி இறுக்கிய வேலை. அதில் போய் வெல்டிங் வைக்கலாமா என்று அவனை மனதுக்குள் வைதுகொண்டே விரலை அசைத்தேன். அவள் உடனே போகவில்லை. அது கேமராவின் கடிகாரத்தில் இருக்கிறது. அவள் நிற்கும் முதல் படம் பத்து ஐம்பத்திரண்டு ஏழு விநாடி. பால்கனி காலியாக இருக்கும் அடுத்த படம் பத்து ஐம்பத்திரண்டு நாற்பது. முப்பத்து மூன்று விநாடி. நின்று என்னைப் பார்த்திருக்கிறாள். பிறகு துணிகளை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கிறாள். முன்பின் தெரியாதவனை யார் முப்பத்து மூன்று விநாடி பார்ப்பார்கள்? ஈரத் துணியை எடுக்கச் சொன்ன எரிச்சலில் எவளும் பார்ப்பாள். ஈரத் துணியை எடுக்க முப்பத்து மூன்று விநாடி தேவைதான். எட்டுத் துணி இருந்தால் துணிக்கு நான்கு விநாடி. முதல் படத்தில் எண்ணிப் பார்த்தேன், ஐந்து துணிதான்.

அந்தப் படத்தை வீட்டில் கம்ப்யூட்டரில் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இரும்பு தெளிவாக இருக்கிறது. துருவின் ஒவ்வொரு செதிலும் எண்ணலாம். இரண்டு வளைவுகளுக்கு நடுவில், இரண்டடி பின்னால், அவள் முகம் கலங்கிக்கிடக்கிறது. ஃபோகஸ் இரும்பின் மேல் இருந்தால் பின்னால் நிற்பவர் முகம் கலங்கத்தான் செய்யும், இதை நானே மூன்று கல்லூரிகளில் போய்ப் பாடம் எடுத்திருக்கிறேன். கண் இருக்கும் இடத்தில் ஒரு கருமை, வாய் இருக்கும் இடத்தில் ஒரு கருமை, அதை வைத்துக்கொண்டு தங்கை என்றும் சொல்லலாம், தபால்காரர் என்றும் சொல்லலாம். ஆனால் கீழ்க்கம்பிக்கு அடியில் பாதங்கள் தெரிகின்றன. இடது பாதம் வலது பாதத்தின் மேல் ஏறி நிற்கிறது. வேதா அப்படித்தான் நிற்பாள். பாத்ரூமுக்கு வெளியே காத்து நிற்கும்போதும், அப்பா திட்டும்போதும், ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்துக்கொண்டு நிற்பாள், விழவே மாட்டாள். உலகத்தில் எத்தனை பேர் அப்படி நிற்பார்கள் என்று யாரும் கணக்கெடுத்திருக்க மாட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு பழைய படம் இருந்தால் போதும், நெற்றி அளவு, காது இருக்கும் உயரம், தோள் சரிவு, இதையெல்லாம் வைத்துச் சொல்லிவிடுவேன், எனக்கு அந்தக் கண் உண்டு. என்னிடம் அவள் படம் ஒன்றுகூடக் கிடையாது. முப்பது வருஷமாகப் படமெடுக்கிறவன் வீட்டில் கூடப் பிறந்தவள் படம் இல்லை. இல்லாமல் போகவில்லை, நான் இல்லாமல் ஆக்கினேன்.

கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பித்தது எல்லாம். அவளுக்கு ஆரணியில் மாப்பிள்ளை நிச்சயமாகி, பத்திரிகை அடிக்க இதே பேட்டையில் ஓர் அச்சகத்தில் கொடுத்திருந்தோம். புரூஃப் பார்ப்பதில் வேதா கெட்டிக்காரி, அதனால் அப்பா அவளையே போய்ப் பார்த்துவரச் சொன்னார். நான்தான் ஸ்கூட்டரில் உட்காரவைத்து அழைத்து வந்தேன், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அவள் உள்ளே போனதும் எனக்குப் பொழுது போகவில்லை. எதிர்வீட்டு மாடியில் இரும்பில் இரண்டு மயில் கழுத்தைப் பின்னிக்கொண்டு நின்றன. கேமரா கையில் இருந்தது. நான் எடுத்த முதல் பால்கனி அதுதான். மயில்களை நான் நாலாபக்கமிருந்தும் எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் மையான கையோடு ஒருவன் என் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. பத்திரிகை அடித்து வந்து, பாதிப்பேருக்குக் கொடுத்தும் ஆன பிறகு அவனோடு போய்விட்டாள். அவன் வேறு சாதி. அதைத் தவிர அப்பாவுக்கு அவனைப் பற்றி வேறெதுவும் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை. "நீதானடா கூட்டிக்கிட்டுப் போனே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அதற்கப்புறம் சொல்லவே இல்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் குழாயடியில் உட்கார்ந்து தலைமுழுகினார். ஈரத் துண்டோடு ஆல்பங்களைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "உனக்குத்தான் இந்த வேலை தெரியுமே" என்றார். நான்கு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முப்பத்தேழு படங்கள். அவள் நின்ற இடத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டேன், மாமரத்தை வளர்த்தேன், அம்மாவின் புடவைத் தலைப்பை அகலப்படுத்தினேன். கிண்டியில் எடுத்த ஒரு படத்தில் அவள் என் தோளில் கைபோட்டுக்கொண்டு சிரிப்பாள். நான் கட்டம்போட்ட சட்டை போட்டிருந்தேன். அந்த நான்கு விரல்களை எடுத்துவிட்டுக் கட்டங்களைச் சேர்ப்பதற்கு முழுசாக ஒரு பகல் ஆயிற்று. சேர்ந்துவிட்டது. எங்கே ஒட்டு என்று எனக்கே தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், "நல்லா வந்திருக்கு" என்றார். வாழ்நாளில் அவர் என் வேலையைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். பழைய படங்களும் நெகட்டிவ்களும் வெந்நீர் அடுப்புக்குப் போயின. கம்ப்யூட்டரில் நகல் வைத்துக்கொள்ளாமல் எந்தப் போட்டோகிராபரும் ஒரு படத்தைத் தொட மாட்டான். நான் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டால் பார்க்கத் தோன்றும் என்று தெரியும்.

ஒரு நடை மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினால் தெரிந்துவிடும். இதற்குப் போய் மூன்று நாளாகத் தெருவில் நிற்பானேன்? புதன்கிழமை ஏறினேன். பதினோரு படி ஏறி, திருப்பத்தில் நின்றேன். மேலே இன்னும் ஏழெட்டுப் படி இருந்திருக்கும். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே குக்கர் சத்தம் போட்டது, யாரோ இருமினார்கள். பெண் குரலா ஆண் குரலா என்று இருமலை வைத்துச் சொல்ல முடியவில்லை. கதவைத் திறந்து அவள் நின்றால் என்ன சொல்வது? எப்படி இருக்கே என்றா? அப்பா போய்விட்டார் என்றா? ஐப்பசியில் போனார், உனக்குச் சொல்லியனுப்ப விலாசம் தெரியவில்லை என்றா? விலாசம் தெரியவில்லை என்பது பொய், தேடவில்லை என்பதுதான் நிஜம். அந்த அச்சகத்தில் போய்க் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். மன்னித்துக்கொள் என்று சொல்லலாம். சொல்லத்தான் வந்திருக்கிறேன், அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம், ஒரே ஒரு வார்த்தை, வேதா நான் பண்ணினது தப்பு என்று. அவள் வாயால் அண்ணா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விடுவேன். இதைத்தான் ஆறு மாதமாக, தனியாகச் சோறு வடிக்கும்போதும் சாப்பிடும்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவள் முப்பத்து மூன்று விநாடி என்னைப் பார்த்தாளே. என்னை அடையாளம் தெரிந்திருந்தால்? சொந்த அண்ணன் தெருவில் நின்று, முகத்தைப் பார்த்து, போ உள்ளே என்று கையை ஆட்டினான் என்றுதானே அவளுக்குப் பட்டிருக்கும்? செய்ததையெல்லாம் செய்துவிட்டுப் பதினாறு வருஷம் கழித்து வீடு தேடி வந்தும் அதையே செய்கிறான் என்று. இல்லை, அது வேதாவே இல்லை, யாரோ ஒருத்தி, அவளுக்கு அண்ணன் தம்பி ஏழு பேர் இருப்பார்கள், நான் போய்த் தட்டினால் யாருங்க வேணும் என்பாள். அதுவும் தாங்காது. அவளாக இருந்தாலும் தாங்காது, இல்லாவிட்டாலும் தாங்காது. குக்கர் இரண்டாவது சத்தம் போட்டபோது இறங்கிவிட்டேன். ஐம்பதை நெருங்குகிறேன், மாடிப்படியில் திருடனைப் போலக் கால் நுனியில் இறங்கினேன்.

"சார், வழி" என்று மூட்டைக்காரர் ஒருவர் என்னை இடித்துக்கொண்டு போகிறார். முக்காலியைப் பிடித்துக்கொள்கிறேன். வெயில் முகப்பில் இறங்கிவிட்டது. மேலே கட்டியவர் பெயரின் முதலெழுத்தும் வருஷமும் சுண்ணாம்பில் இருந்தன, இப்போது வருஷம் மட்டும் பாதி இருக்கிறது. படிவத்தில் 'நிலைமை' என்று ஒரு கட்டம் உண்டு; நன்று, சுமார், மோசம். இந்த வீட்டுக்கு 'சுமார்' என்று போட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு மாதத்தில் இந்தப் பால்கனி ஏதாவது ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்பறையில் சுவரில் தொங்கும், இல்லையென்றால் எடைக்குப் போகும். என் பட்டியல் அலமாரியில் இருக்கும். என்னிடம் இருப்பதெல்லாம் ஆளில்லாத பால்கனிகள்தான். இருநூற்றுப் பதிமூன்று பால்கனியிலும் ஒரு ஜீவன் கிடையாது. சங்கத்துக்காரர் ஒருவர் என் படங்களைப் பார்த்துவிட்டு, என்ன சார் ஊரே காலிபண்ணிட்டுப் போன மாதிரி இருக்கே, அற்புதம் என்றார். தங்கை ஓடிப்போன வீடு என்று எனக்குப் பெண் தர மறுத்தார்கள் என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை, யாரையும் கேட்கவே இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. குற்றத்தையெல்லாம் அவள் தலையில் போட்டுவிட்டு நான் பாட்டுக்கு இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் மேல் கம்பியைத் தொட்டுவிட்டது. கதவு மூடியேதான் இருக்கிறது. படியில் யாரோ இறங்கி வருகிறார்கள். ஓர் ஆள், தோளில் சுருட்டிய பாய், கையில் சாமி படங்கள் கட்டிய பெட்டி. பாயை வண்டியில் போட்டுவிட்டு, பெட்டியை ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நேராக என்னைப் பார்த்து வருகிறான். ஓடிவிடலாமா என்று தோன்றுகிறது. முக்காலியை மடக்க நேரமில்லை.

"மூணு நாளா பாக்கறேன், இங்கயே நிக்கறீங்களே சார். இன்னா எடுக்கறீங்க?"

"அந்தப் பால்கனிதாங்க. இரும்பு வேலை."

"அதுவா? அதுல இன்னா இருக்குது, துருதான் இருக்குது" என்று சிரிக்கிறான். நல்ல சிரிப்பு. நகக்கண்களில் மை ஊறிக் கறுத்திருக்கிறது. என் கண் அதை விட்டு நகரவில்லை. "பன்னெண்டு வருசம் இருந்தோம் சார். இடிக்கப் போறாங்க. மாதவரம் பக்கம் போறோம். எனக்கு ஒண்ணும் இல்ல, என் சம்சாரத்துக்குத்தான் மனசே இல்ல. சாயங்காலமானா அங்க வந்து நின்னுக்குவா. என் பேரு மாசிலாமணி சார், பிரஸ்ல வேல. நீங்க போட்டோகிராபரா?"

தலையை ஆட்டுகிறேன்.

"அவ அண்ணனும் போட்டோகிராபர்தான் சார்."

முக்காலியின் திருகை இறுக்குகிறேன். ஏதாவது கேட்க வேண்டும், சும்மா நின்றால் சந்தேகப்படுவான். "எங்க இருக்காரு?" என்று கேட்கிறேன். என் குரல் யாருடையதோ மாதிரி வருகிறது.

"தவறிட்டாரு சார். எங்களுக்குக் கல்யாணம் ஆன மறுவருசமே. நான் பாத்ததுகூட இல்ல. வூட்ட எதிர்த்துக்கினு வந்தவ, சாவுக்குக்கூட போக முடியல. ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை அவருக்குன்னு தனியா எல போடுவா. வத்தக்கொழம்பு, சேனை வறுவல். அவருக்கு இஷ்டமாம். மொட்டமாடில காக்காவுக்கு வெச்சிட்டு, அது வந்து எடுக்கற வரைக்கும் அங்கயே குந்தினு இருப்பா."

சேனை வறுவல் எனக்குப் பிடிக்கும். அம்மா போன பிறகு நான் அதைச் சாப்பிட்டதே இல்லை. பதினைந்து ஆடி அமாவாசைக்கு என் பங்கைக் காக்கைகள் சாப்பிட்டிருக்கின்றன. சிரிப்பு வருகிறது, வந்தால் நிற்காது போலிருக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். நான் அவளைப் படத்திலிருந்து எடுத்தேன், அவள் என்னை உலகத்திலிருந்தே எடுத்துவிட்டாள். எதற்கு அப்படிச் சொன்னாள்? உன் அண்ணன் ஏன் வரவில்லை என்று இவன் கேட்டுக்கொண்டே இருந்திருப்பான், நல்ல மனிதன், வா போய்க் காலில் விழலாம் என்றுகூடச் சொல்லியிருப்பான். வர மாட்டான் என்று சொல்வதைவிட இல்லை என்று சொல்வது அவளுக்குக் கௌரவமாக இருந்திருக்கும். அல்லது கோபமாக இருக்கும். கோபக்காரி யாராவது காக்கை வரும்வரை வெயிலில் உட்கார்ந்திருப்பாளா? செத்தவன் என்றால் நினைத்து அழலாம், உயிரோடு இருப்பவனை நினைத்து அழ இவள் யாரிடம் அனுமதி கேட்பாள்? இவன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.

"எங்க பொண்ணு பெரிய மனுசியானப்போ தாய்மாமன் எடத்துல நிக்க ஆளு இல்ல சார். பிரஸ் மொதலாளிதான் வந்து மால போட்டாரு. அன்னைக்கு அழுதா பாருங்க, அப்பா, என்னால தேத்தவே முடியல."

"பொண்ணு... எத்தனாவது படிக்குது?"

"ஒம்போதாவது. இஸ்கூலுக்குப் போயிருக்கு." அவன் கேமராவைப் பார்க்கிறான், பால்கனியைப் பார்க்கிறான், தலையைச் சொறிகிறான். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். ஒரு ஒதவி. அந்தப் பால்கனில அவள நிக்க வெச்சு ஒரே ஒரு படம் எடுத்துத் தருவீங்களா? அவகிட்ட சின்ன வயசுப் படம் ஒண்ணுகூட கெடையாது. எல்லாம் வெள்ளத்துல போச்சாம். இதாவது இருக்கட்டும்."

வெள்ளத்தில் போச்சாம். எங்கள் வீடு முதல் மாடி, அங்கே எந்த வெள்ளமும் வந்ததில்லை. அப்படியென்றால் படங்கள் இல்லாமல் போனது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. ஒரு படமாவது கேட்டு யாரையோ அனுப்பி, இல்லை என்று பதில் வந்திருக்கிறது. இவன் என் பதிலுக்குக் காத்திராமல் கைகளைக் குவித்து, "வேதா! இங்க வா, இந்தாண்ட வா" என்று மேலே பார்த்துக் கத்துகிறான். அந்தப் பெயரைப் பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக இன்னொருவர் வாயால் கேட்கிறேன். கதவு திறக்கிறது.

நாற்பதை நெருங்கிய ஒரு பெண். ஒட்டடை படாமல் தலையில் துண்டு கட்டியிருக்கிறாள். முழு வெயில் முகத்தில். அளவெடுக்கத் தேவையில்லை, நெற்றி, காது, தோள் எதுவும் வேண்டாம். அம்மாவேதான். அம்மாவின் கடைசி வருஷத்து முகம் அப்படியே அங்கே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறது. என்னைப் பார்க்கிறாள். அதிர்ச்சி ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமையே தெரிந்துகொண்டவளின் பார்வை அது.

"இன்னாங்க?" என்கிறாள் அவனிடம்.

"சார் ஒரு படம் எடுத்துத் தரேன்றாரு. ஒன் அண்ணன் மாதிரி இவரும் போட்டோகிராபர்தான். அப்படியே நில்லு."

அவள் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்கிறாள். முன்மயிரை ஒதுக்குகிறாள். பிறகு நேராக என்னைப் பார்த்து, கணவனுக்கும் கேட்கும் சாதாரணக் குரலில் கேட்கிறாள்.

"நான் நிக்கட்டுமா, உள்ள போகணுமா சார்?"

மாசிலாமணி சிரிக்கிறான். "நிக்கத்தான் கூப்புட்டேன், இவ ஒருத்தி" என்கிறான். நான் அவளை ஒருமையில் மட்டுமே கூப்பிட்டுப் பழகியவன். "நில்லுங்க" என்று வருகிறது வாயில். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, தெரிவதற்குள் போய்விடுகிறது. குனிந்து கேமராவுக்குள் பார்க்கிறேன். கண் எரிகிறது, வியர்வை என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று தடவை அழுத்துகிறேன். முகம் நன்றாக இருக்கிறது, வெயில் சரியாக இருக்கிறது, இதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை. இப்போது சொல்ல வேண்டும். வேதா, தப்பு பண்ணிட்டேன். மூன்றே வார்த்தை. இவன் முன்னால் எப்படிச் சொல்வது, பதினைந்து வருஷமாக எனக்கு இலை போட்டது இவன் வீட்டில். சொன்னால் அவளை என்ன நினைப்பான்? பொய்க்காரி என்று நினைப்பானா? புது வீட்டுக்குப் போகிற நாளில் இது வேண்டுமா? அவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று தோன்றுகிறது, தோன்றும்போதே அது பொய் என்றும் தெரிகிறது. பயம். அப்பா ஈரத் துண்டோடு வந்து நின்றபோது இருந்த அதே பயம், ஆளே போன பிறகும் அது போகவில்லை.

"உங்க நம்பர் சொல்லுங்க சார், மிஸ்டு கால் தரேன்" என்று மாசிலாமணி போனை எடுக்கிறான். சொல்கிறேன். என் சட்டைப் பையில் போன் அதிர்கிறது. வண்டிக்காரன் நேரமாச்சு என்று ஹாரன் அடிக்கிறான். வேதா உள்ளே போகவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சற்று முன்னால் குனிந்து, எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். ஏன் இன்னும் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிகிறது.

"பேரு இன்னானு போட்டுக்கட்டும் சார்?"

ஒரு வார்த்தைதான். அப்பா வைத்த பெயர், அவள் மழலையில் சிதைத்துக் கூப்பிட்ட பெயர், தியாகேசன். சொல்லிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும், அவள் அழுவாள், இவன் திகைப்பான், சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்து என்னை மாமா என்பாள். மேலே பார்க்கிறேன். அவள் உதடு லேசாகப் பிரிந்திருக்கிறது, எனக்கு எடுத்துக்கொடுக்கப் போகிறவள் போல.

"சந்தானம்" என்கிறேன்.

யார் அந்தச் சந்தானம் என்று எனக்குத் தெரியாது. "சந்தானம் சார், போட்டோ" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் எழுத்து எழுத்தாகத் தட்டி, சரியா என்று என்னிடம் காட்டுகிறான். சரி என்கிறேன். மறுபடி மேலே பார்ப்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. பார்க்கும்போது அவள் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டிருக்கிறாள், உள்ளங்கையில் ஒட்டிய துருவைப் புடவையில் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்கிறாள். பிறகு கணவனைப் பார்த்து, "இன்னும் ரெண்டு மூட்ட இருக்குது, மேல வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறாள்.